ஜாக்கி தூக்கும், தாங்குமா?

ஒருவரை அளவுக்கு மீறிப் புகழ்ந்து பேசினால், “என்னப்பா, ஜாக்கி வச்சுத் தூக்கறே?” என்று நம் ஊரில் கிண்டல் செய்வார்கள். கிண்டலாகச் சொன்னாலும் அதில் ஒரு தொழில் உண்மை இருக்கிறது. ஜாக்கி வைத்து எதையும் தூக்கிவிடலாம். தூக்கியது அங்கேயே நிற்குமா என்பது வேறு கேள்வி.

சமீபத்தில் என் வயதையொத்த நண்பர்கள் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். “வீட்டில் பைக்கைத் தூக்கி வைத்து வேலை பார்க்க ஒரு ஜாக்கி வாங்கலாமென்று இருக்கிறேன். ஆன்லைனில் விதவிதமாகக் காட்டுகிறான். எது நல்லது?” மூவருமே அடுத்ததாக, “ஒரு டன் போதுமா, இரண்டு டன் வாங்கணுமா?” என்றும் கேட்டார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த இரண்டாவது கேள்விதான் தப்பான கேள்வி. அதனால்தான் தனித்தனியாகப் பதில் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தாண்டிய நமக்குப் பொருத்தமான ஜாக்கி என்பது அகலமான அடியும், பெரிய மேல்தட்டும், திருகாணியில் ஏறி இறங்கும் வகையும்தான். ஆயில் ஜாக்கி, அதாவது ஹைட்ராலிக் ஜாக்கி, வாங்கியே ஆகவேண்டும் என்றால் தூக்கிய பிறகு இரும்புப் பூட்டின் மேல் உட்காரும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாததை, எத்தனை டன் என்று எழுதியிருந்தாலும், யார் சும்மா கொடுத்தாலும் பைக்கின் கீழே வைக்கக் கூடாது.

நான் முப்பத்துநாலு வருடம் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவன். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1928-இல் வந்த பழைய பணிமனை அது. அங்கே ஒரு பாடம் முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். கோச்சின் உடம்பைத் தூக்கி, கீழேயிருக்கும் போகியை உருட்டி எடுத்தவுடன், உடம்பை ட்ரெஸ்ல் என்ற இரும்புக் கால்களின் மேல் இறக்கி உட்கார வைக்க வேண்டும். அப்புறம்தான் கீழே ஆள் போகலாம். தூக்குவதற்கு ஒரு கருவி, தாங்குவதற்கு வேறு ஒரு கருவி. இரண்டையும் ஒன்று என்று நினைப்பவனை மேஸ்திரி வேலைக்கே விடமாட்டார். நாற்பது டன் கோச்சுக்குச் சொன்ன அதே பாடம் நூற்றுப் பத்து கிலோ ஸ்ப்ளெண்டருக்கும் பொருந்தும். நூற்றுப் பத்து கிலோ காலில் விழுந்தால் எலும்புக்கு அது கோச்சுதான்.

முதலில், உங்களுக்கு ஜாக்கி தேவையா என்று பாருங்கள். நம் காலத்து வண்டிகளுக்கெல்லாம் டபுள் ஸ்டாண்டு உண்டு. திருவொற்றியூரிலிருந்து வந்த புல்லட், மைசூரிலிருந்து வந்த எஸ்டி, 1985-இல் வந்த சி.டி.100, அதே வருடம் வந்த ஆர்.எக்ஸ்.100 என்று எதை எடுத்தாலும், வண்டியோடு பிறந்த ஒரு நல்ல தாங்கி அது. வண்டியைச் செய்தவனே எடை எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, சட்டத்தில் போல்ட் போட்டுக் கொடுத்தது. செயின் சுத்தம் செய்வது, செயின் இறுக்குவது, பின் பிரேக் சரிசெய்வது, ஆயில் மாற்றுவது, பிளக் கழற்றுவது, பின் சக்கரத்தையே கழற்றிப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோவது வரை எல்லாவற்றுக்கும் டபுள் ஸ்டாண்டு போதும். அதற்கு மேல் எந்த ஜாக்கியும் தேவையில்லை. ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதுவேதான். ஸ்கூட்டரின் இன்ஜின் பின் சக்கரத்தோடு சேர்ந்து ஆடுகிற அமைப்பு. அதன் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குவது ஆடுகிற நாற்காலியின் கீழே செங்கல் வைப்பது போலத்தான்.

ஜாக்கி தேவைப்படுவது இரண்டு இடங்களில். ஒன்று, முன் சக்கரத்தைக் கழற்றும்போது. டபுள் ஸ்டாண்டு போட்டால் பெரும்பாலான வண்டிகள் ஸ்டாண்டின் மேலும் முன் சக்கரத்தின் மேலுமாக நிற்கும். முன் சக்கரத்தை எடுத்துவிட்டால் வண்டி மூக்குக் குப்புறப் போகும். அப்போது இன்ஜினுக்குக் கீழே ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும். இன்னொன்று, டபுள் ஸ்டாண்டே இல்லாத புதிய வண்டிகள். டியூக், ஆர்15 மாதிரி பேரன்கள் ஓட்டுகிற வண்டிகளுக்குச் சைடு ஸ்டாண்டு மட்டும்தான். அவற்றில் செயினுக்கு ஆயில் விடுவதற்குக்கூடப் பின் சக்கரத்தைத் தூக்க வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டாவது வகைக்கும் ஜாக்கி வாங்க அவசரப்பட வேண்டாம். ‘பேடாக் ஸ்டாண்ட்’ என்று ஒன்று விற்கிறார்கள். பின் சக்கரத்தின் இருபுறமும் இருக்கும் ஸ்விங் ஆர்மைத் தாங்கிப் பிடித்து, நெம்புகோல் மாதிரி அழுத்தினால் பின்பக்கம் மேலே ஏறும். அதில் சீல் இல்லை, வால்வு இல்லை, ஆயில் இல்லை. வெறும் இரும்புக் குழாயும் சக்கரமும்தான். கெட்டுப்போக எதுவுமில்லாத கருவி எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒரே ஒரு நிபந்தனை: ஏற்றும்போது வண்டியை நிமிர்த்திப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

சரி, முன் சக்கர வேலைக்கு நம்மவர்கள் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? இரண்டு செங்கல், ஒரு ஹாலோ பிளாக், சில வீடுகளில் பழைய அம்மிக்குழவி! செங்கல் மேலிருந்து பரவலாக வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். சுவர் அப்படித்தான் நிற்கிறது. ஆனால் இன்ஜினின் அடியில் துருத்தி நிற்கும் ஒரு போல்ட் தலை அதன்மேல் ஊன்றினால் எச்சரிக்கையே இல்லாமல் பிளந்துவிடும். ஹாலோ பிளாக் இன்னும் மோசம். உள்ளே வெறும் காற்றுதான். இவற்றோடு பார்த்தால் ஒரு நல்ல மரக்கட்டை எவ்வளவோ மேல். மரம் முதலில் நசுங்கும், முனகும், அப்புறம்தான் உடையும். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகிற நல்ல மனிதர் மாதிரி.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பழைய எஸ்டி ஒன்றைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் முன் சக்கர பேரிங் மாற்ற வண்டியைக் கார் ஜாக்கியில் ஏற்றியிருந்தார். ஜாக்கி பழுதாகவில்லை. இரண்டு டன் ஜாக்கி. வண்டியோ நூற்று நாற்பது கிலோ சுமார். தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவர் எழுந்திருக்கும்போது சீட்டைப் பிடித்திருக்கிறார். வண்டி அவர் பக்கமே சாய்ந்துவிட்டது. பாதத்தில் இரண்டு எலும்பு முறிவு, மூன்று மாதம் கட்டிலில். பார்க்கப் போனபோது, “எழுந்திருக்கறதுக்காகக் கையை ஊன்றினேன் சார், அவ்வளவுதான்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். இருபத்தைந்து வயதுப் பையன் தரையிலிருந்து துள்ளி எழுந்துவிடுவான். நமக்கு முட்டி இடம் கொடுக்காது. எதையாவது பிடித்துத்தான் எழுவோம். அது பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. எதிரே வண்டிதான் இருக்கிறது. கை தானாக அதன்மேல் போகும். இந்த ஆபத்தைப் பற்றி எந்தப் பெட்டியிலும் அச்சடித்திருக்க மாட்டார்கள். ஆகவே நம் வயதுக்காரர்கள் ஜாக்கி தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை டன் தூக்கும்?’ என்பதல்ல. ‘நான் பிடித்து எழுந்தால் சாயுமா?’ என்பதுதான்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நூற்றெண்பது கிலோ வண்டி ஒன்று ஜாக்கியின் மேல் நேராக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கியின் அடி அகலம் 40 செ.மீ. நடுவிலிருந்து ஓரம் வரை 20 செ.மீ. சீட் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் சாய்க்க எவ்வளவு விசை வேண்டும்? 180-ஐ 20-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 40 கிலோ. இப்போது அதே வண்டியை 20 செ.மீ. அகல அடியுள்ள ஜாக்கியில் வையுங்கள். நடுவிலிருந்து ஓரம் 10 செ.மீ.தான். அதே கணக்கில் வெறும் 20 கிலோ. இது காகிதக் கணக்கு. ஜாக்கியின் மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் நிஜத்தில் இன்னும் குறைவாகவே போதும். எழுந்திருக்கும்போது நாம் கொடுக்கும் இழுப்பு இருபது கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். இந்தக் கணக்கில் டன் என்ற வார்த்தை எங்காவது வந்ததா பாருங்கள். வரவே இல்லை. வந்ததெல்லாம் அகலமும் உயரமும்தான்.

பெட்டியில் இருக்கும் எண்ணுக்கும் வருவோம். வெளிநாட்டு அளவில் 1100 பவுண்டு, 1500 பவுண்டு என்று போட்டிருப்பார்கள். 1100 பவுண்டு என்றால் சுமார் 500 கிலோ, 1500 பவுண்டு என்றால் சுமார் 680 கிலோ. நம் ஊர் வண்டிகளில் ஸ்ப்ளெண்டர், ஆக்டிவா வகையறா 110 கிலோ சுமார். புல்லட் வகையறா 180-லிருந்து 195 வரை. போதாக்குறைக்கு ஒரு சக்கரம் தரையிலேயே இருக்கும்போது அதன் பங்கை அது சுமந்துகொள்ளும். ஆகவே இருப்பதிலேயே சின்ன எண்ணே நமக்குத் தேவைக்கு மேல். அதை இரட்டிப்பாக்கிக் காசு கொடுப்பதால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது.

இப்போது வகைகளைப் பார்ப்போம்.

கார் டிக்கியில் கிடக்கும் வைர வடிவ ஜாக்கியைப் பலர் பைக்குக்கும் வைக்கிறார்கள். அது காரின் ஓரத்தை மட்டும் கொஞ்சம் தூக்குவதற்காகச் செய்தது. மற்ற மூன்று சக்கரங்களும் காரைப் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அதன் தலையைச் சின்னதாக வைத்திருக்கிறார்கள். பைக்குக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள யாருமில்லை. எங்கள் தெரு ஆசிரியர் வைத்தது இதைத்தான்.

குப்பி மாதிரி நிற்கும் பாட்டில் ஜாக்கி லாரிக்காரர்களின் நண்பன். அதன் தலை ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பைக்கின் வயிற்றில் அதை வைப்பது விரல் நுனியில் தாம்பாளத்தை நிறுத்துவது போல.

கார் பணிமனைகளில் சக்கரம் வைத்து உருட்டும் டிராலி ஜாக்கியும் அப்படியே. தூக்கும்போது கொஞ்சம் உருளவேண்டும் என்பதற்காகவே அதற்குச் சக்கரம். கார் நகராமல் நிற்க, ஜாக்கி நகர்ந்து சரிசெய்துகொள்ளும். பைக்கில் இரண்டுமே நகரும்.

பைக்குக்கென்றே செய்த ஆயில் ஜாக்கி ஒன்று இருக்கிறது. காலால் மிதித்தால் இரண்டு நீளமான ரப்பர் போட்ட கைகள் மேலே வரும். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பிரான்ஸ் நாட்டு பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் சொன்னதை வைத்து, இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-இல் அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் வாரிசுதான் இது. சின்ன பிஸ்டனைவிடப் பெரிய பிஸ்டன் இருபது மடங்கு பரப்பு என்றால், பத்து கிலோ அழுத்தி இருநூறு கிலோ தூக்கலாம். மூட்டு வலிக்காரருக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் மேலே ஏறிய பிறகு அந்த வண்டியைத் தாங்குவது ஒரு ரப்பர் சீலும், ஒரு சின்ன வால்வும்தான். ரப்பர் நம் ஊர் வெயிலில் காய்ந்து இறுகும். வால்வில் ஒரு தூசி உட்கார்ந்தால் ஆயில் கசியும். வண்டி ஒரேயடியாக விழாது. நீங்கள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு அங்குலம் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அல்லது கால் தவறி இறக்கும் பெடலில் பட்டாலே போதும்.

அதனால்தான் இந்த வகையில் நல்லவற்றுக்கு இரும்புப் பூட்டு வைத்திருப்பார்கள். வேண்டிய உயரத்துக்குத் தூக்கி, பூட்டுக் கம்பியைப் போட்டு, பிறகு ஆயில் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். வண்டியின் எடை அப்போது பூட்டின் மேல் உட்காரும். பொன்மலையின் ட்ரெஸ்ல் தத்துவமேதான் இது: தூக்கியது ஆயில், தாங்குவது இரும்பு. மலிவான சிலவற்றில் ஒரே ஒரு உயரத்தில்தான் பூட்டு விழும். நமக்கு வேண்டிய உயரத்தில் விழாது. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கடைசியாக, நான் சிபாரிசு செய்யும் வகை. இரண்டு பக்கமும் கத்தரி மாதிரி குறுக்காக மடங்கும் கால்கள், மேலே ரப்பர் ஒட்டிய பெரிய தட்டு, கீழே அகலமான அடி, நடுவில் ஒரு நீளத் திருகாணி. ஸ்பானரோ ரேட்செட்டோ வைத்துச் சுற்றினால் மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். இதன் அழகு என்னவென்றால் திருகாணியின் மரை சரிவு குறைவாக இருப்பதால் மேலே எவ்வளவு எடை இருந்தாலும் அது தானாகச் சுற்றி இறங்காது. நாம் சுற்றினால்தான் இறங்கும். கசிய ஆயிலும் இல்லை, காயச் சீலும் இல்லை. மிதித்துத் தூக்குவதைவிடக் கை கொஞ்சம் அதிகமாக வேலை செய்யும், நேரமும் ஆகும். ஓய்வுபெற்ற நமக்கு நேரத்துக்கா பஞ்சம்?

மெக்கானிக் கடைகளில் வண்டியை முழுசாக ஏற்றி வைக்கும் மேசை மாதிரியான லிஃப்ட் இப்போது வந்திருக்கிறது. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து முதுகை ஒடித்துக்கொண்ட தொழிலாளிகளுக்கு அது நல்ல காலம். வீட்டுக்கு அது வேண்டாம். வண்டியைச் சரிவில் உருட்டி மேலே ஏற்றுவதே நம் வயதில் ஒரு விபத்துக்கு அச்சாரம்.

வகையைத் தீர்மானித்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது: உங்கள் வண்டியின் வயிறு. இதை யாரும் பார்ப்பதில்லை. சில வண்டிகளில் இன்ஜினுக்குக் கீழே இரண்டு சட்டக் குழாய்கள் தொட்டில் மாதிரி ஓடும். அவற்றின் மேல் ஜாக்கித் தட்டு அழகாக உட்காரும். பழைய புல்லட்டில் அப்படிக் கிடையாது. முன்னாலிருந்து ஒற்றைக் குழாய் இறங்கி இன்ஜினோடு நின்றுவிடும். இன்ஜினே சட்டத்தின் ஒரு பகுதி. கீழே இருப்பது அலுமினிய கிராங்க் கேஸும், துருத்தி நிற்கும் டிரெயின் போல்ட்டும்தான். போல்ட் தலையில் ஜாக்கி ஊன்றினால் கேஸ் விரியும். அந்த மாதிரி வண்டிக்கு, போல்ட் இருக்கும் இடத்தில் பள்ளம் செதுக்கிய ஒரு மரப்பலகையை நடுவில் வைக்க வேண்டும். சைலன்ஸர் குழாய், ஆயில் ஃபில்டர் மூடி, ஸ்டாண்டு ஸ்பிரிங் இவற்றின் மேல் எப்போதும் ஊன்றக் கூடாது. ஜாக்கியின் தாழ்ந்த உயரத்தையும் பாருங்கள். நம் ஊர் வண்டிகளின் வயிறு தரையிலிருந்து பெரும்பாலும் 13 முதல் 17 செ.மீ.தான். பலகையின் கனத்தையும் கழித்துக்கொண்டு அதற்குள் ஜாக்கி நுழைய வேண்டும்.

முடிந்தால் கடைக்கு நேரில் போய் வாங்குங்கள் என்பேன். நான் போன கடையில் இருந்த பையன், “ஒரு டன் தாங்கும் சார், யானையே ஏறலாம்” என்றான். “யானை வேண்டாம் தம்பி, அதை முழு உயரத்துக்குச் சுத்திக் காட்டு” என்றேன். வெறும் ஜாக்கியை முழு உயரத்தில் தரையில் வைத்து, மேல்தட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். எடை இல்லாமலே கடகடவென்று ஆடுகிறதா, அது வேண்டாம். அப்புறம் கால்கள் சேரும் ஊசிகளுக்குக் கிளிப்போ பிளவு ஊசியோ இருக்கிறதா, வெல்டிங் தொடர்ச்சியாக இருக்கிறதா, திருகாணியின் முனையில் மரை கழன்று வராதபடி தடுப்பு இருக்கிறதா, அடி நான்கு மூலையிலும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அன்று மூன்று ஜாக்கியை ஆட்டிப் பார்த்து நான்காவதை எடுத்துக்கொண்டேன். பையன் முகம் சுளித்தான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “ஐயா ரயில்வேயா?” என்று கேட்டார்.

வாங்கி வந்தபின் எப்படிப் பயன்படுத்துவது என்பது தேர்ந்தெடுப்பதில் பாதி. நம் போர்ட்டிகோ தரை பெரும்பாலும் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருக்கும். வழவழப்பான டைல்ஸ் வேறு. வாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து, ஜாக்கியின் கீழே கனமான பிளைவுட் ஒன்று போடுங்கள். கெட்டியான நட்டுகளை, முக்கியமாக ஆக்சில் நட்டை, வண்டி தரையில் இருக்கும்போதே முதலில் தளர்த்திவிடுங்கள். துருப்பிடித்த நட்டுக்கு நீள ஸ்பானர் போட்டு எம்பினால் முப்பது நாற்பது கிலோ இழுப்பு சாதாரணம். அந்த இழுப்பை ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்குக் கொடுக்கவே கூடாது.

தரையில் இருக்கும் சக்கரத்தைக் கட்டிப்போட வேண்டும். பின் சக்கரத்தைத் தூக்கினால், முன் பிரேக் லீவரைப் பழைய சைக்கிள் டியூபால் இறுகக் கட்டுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கினால், வண்டியை ஃபர்ஸ்ட் கியரில் போட்டுப் பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஆப்புக்கட்டை கொடுங்கள். டபுள் ஸ்டாண்டு இருந்தால் அதையும் போட்டு, ஜாக்கியைத் துணைக்கு மட்டும் வைப்பதே உத்தமம். ஹேண்டில் பாரிலிருந்து இரண்டு பக்கமும் கயிறு கட்டுங்கள். ஒரு பக்கம் தூணிலும் மறுபக்கம் கெட்டியான கொக்கியிலுமாக. ஒரு பக்கம் மட்டும் கட்டினால் கயிறே வண்டியைச் சாய்க்கும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கட்டும், காக்கை மூடிவிடுங்கள். சக்கரம் சுழல ஒரு விரல்கடை, கழற்ற நாலைந்து விரல்கடை. அதற்கு மேல் ஒரு சுற்றுகூட ஏற்ற வேண்டாம். ஏறும் ஒவ்வொரு அங்குலமும் சாய்வதற்கு உதவும்.

வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கனமான ஸ்டூலை வையுங்கள். எழுவதற்கு அதைப் பிடியுங்கள். வேலையே ஸ்டூலில் உட்கார்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஜாக்கியோடு சேர்த்து வாங்க வேண்டிய அதிமுக்கியமான உபகரணம் அந்த ஸ்டூல்தான். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வண்டியை ஏற்றாதீர்கள். பேரக் குழந்தைகள் வந்திருக்கும் விடுமுறையிலும் வேண்டாம். சக்கரம் தூக்கியிருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கும் கெட்ட பழக்கம் சிலருக்கு உண்டு. துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகும். கையால் சக்கரத்தைச் சுற்றித் துடைத்தாலே போதும்.

எல்லாவற்றையும் மீறி வண்டி சாய ஆரம்பித்தால் பிடிக்காதீர்கள். விலகி நில்லுங்கள். முப்பது வருடம் நம்மைச் சுமந்த வண்டி விழுவதைப் பார்க்க மனசு வராது, கை தானாகப் போகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இண்டிகேட்டர் கண்ணாடியும் ஹேண்டில் பாரும் கடையில் கிடைக்கின்றன. இடுப்பெலும்புக்கு ஸ்பேர் கிடைத்தாலும், அதை மாட்டிக்கொண்டு எழுந்து நடக்க எத்தனை மாதம் ஆகும் என்பது நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“இத்தனை பயம் எதற்கு? முனையில் மெக்கானிக் இருக்கிறாரே, இந்த வயதில் இதெல்லாம் தேவையா?” என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் மாற்றுவது, இன்ஜினை இறக்குவது போன்றவற்றை நான் மெக்கானிக்கிடம்தான் விடுகிறேன், நீங்களும் விடுங்கள். ஆனால் பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா, சக்கர பேரிங் கரகரக்கிறதா என்று தானே சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்பவன் சாலையில் நிம்மதியாக ஓட்டுவான். கையில் கிரீஸ் படுவதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது. பென்ஷன் வாங்குபவனிடம் யாரும் எதையும் பழுது பார்க்கச் சொல்வதில்லை. நாமாகக் கண்டுபிடித்து, நாமாகச் சரிசெய்கிற ஒரு வேலை வாரத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும். அது தொடர்ந்து இருக்க வேண்டுமென்பதற்காகத்தான் இத்தனை ஜாக்கிரதை.

எனவே நண்பர்களே, வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் பாருங்கள். தட்டு உட்கார இடம் எங்கே இருக்கிறது, எந்த போல்ட் துருத்துகிறது, தரையிலிருந்து எத்தனை செ.மீ. உயரம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தோடு கடைக்குப் போங்கள். எத்தனை டன் என்று அவர்கள் சொல்லட்டும். எத்தனை அகலம், எது தாங்குகிறது என்று நீங்கள் கேளுங்கள்.